நாணய ஆல்பம் வாங்கப் போறீங்களா? அட்டையைப் பார்க்காதீங்க, பிளாஸ்டிக்கைப் பாருங்க!

பரணில் இருந்து இறக்கிய பழைய பெட்டி. அதற்குள் தாத்தா சேர்த்து வைத்த நாணய ஆல்பம். ஓட்டைக் காலணா, ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட வெள்ளி ரூபாய், 1957-ல் வந்த ஒரு நயா பைசா, தாமரை பொறித்த 20 பைசா என ஒவ்வொன்றையும் அவர் எடுத்துக் காட்டிக் கதை சொன்னது நினைவில் இருக்கும். எல்லாம் அப்படியே இருக்கும் என்று நினைத்துத் திறந்தால், பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு பிய்த்தால்தான் வருகின்றன. மூக்கில் ஏறும் ஒரு பிளாஸ்டிக் நெடி. காசுகளின் மேல் பச்சை நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருக்கிறது.

‘ஈரம் பட்டிருக்கும்’, ‘பழசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லிவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். ஆனால், பெரும்பாலும் காரணம் காசின் வயதல்ல. சந்தையிலும் கடைக் கல்லாவிலும் சுருக்குப் பையிலும் பல வருடங்கள் புழங்கியபோது ஏற்படாத சேதம், பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிய ஆல்பத்துக்குள் சில வருடங்களில் ஏற்பட்டிருக்கிறது. காசைக் கெடுத்தது அந்த ஆல்பத்தின் பிளாஸ்டிக்.

ஆன்லைனில் ‘காயின் ஆல்பம்’ என்று தேடினால் சில நூறு ரூபாயில் அழகழகான அட்டை போட்ட ஆல்பங்கள் வரிசை கட்டி நிற்கும். எத்தனை காசு பிடிக்கும், என்ன கலர் என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த பிளாஸ்டிக் என்பது மட்டும் பல நேரங்களில் இருக்காது. நாணயச் சேகரிப்பில் இறங்கும் ஒருவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆல்பத்துக்குள் என்ன நடக்கிறது?

மலிவான ஆல்பங்களின் பைகள் பெரும்பாலும் பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடால் ஆனவை. பிவிசி இயல்பில் கெட்டியானது. தண்ணீர்க் குழாய் செய்வதும் அதே பிவிசியில்தான். அதை வளைந்து கொடுக்கும் மெல்லிய பையாக மாற்ற, ‘பிளாஸ்டிசைசர்’ எனப்படும் மென்மையாக்கும் எண்ணெய் போன்ற வேதிப்பொருட்களைக் கலக்கிறார்கள். புது மழைக்கோட்டு, புது மேஜை விரிப்பு ஆகியவற்றில் வீசும் வாசனை பெரும்பாலும் இந்தக் கலவையில் இருந்து வருவதுதான்.

இந்த மென்மையாக்கி பிளாஸ்டிக்கோடு நிரந்தரமாகப் பிணைந்திருப்பதில்லை. வருடங்கள் செல்லச் செல்ல, சூடு ஏற ஏற, மெல்லக் கசிந்து வெளியே வரும். பக்கங்கள் ஒட்டிக்கொள்வதும், காசில் எண்ணெய்ப் பிசுக்கு படிவதும் இதனால்தான். அதோடு பிவிசி மூலக்கூறும் சிதையத் தொடங்கி, அதில் உள்ள குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகப் பிரியும். காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அந்த அமிலம் காசில் உள்ள தாமிரத்தைத் தின்னும்போது உண்டாவதுதான் பச்சைக் களிம்பு.

இது நம் வீட்டுக்குப் புதிய சங்கதியும் அல்ல. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று பாட்டிகள் சொல்வார்கள். புளியின் அமிலம் பித்தளையில் உள்ள தாமிரத்தோடு வேலை செய்து களிம்பேறும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆல்பத்துக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். ஒரே வித்தியாசம், இங்கே குழம்பு கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கவும் வருடக்கணக்கில் ஆகும்.

ஆரம்பக் கட்டத்தில் இது வெறும் படலம், நீக்கிவிடலாம். விட்டுவைத்தால் அமிலம் உலோகத்துக்குள் இறங்கிக் குழி பறித்துவிடும். குழி விழுந்த காசை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. விலையும் சரிந்துவிடும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்கத் தரச்சான்று நிறுவனங்கள், பிவிசி படிமம் இருக்கும் காசுக்கு வழக்கமான தர மதிப்பெண் தருவதில்லை.

எந்தக் காசுக்கு ஆபத்து அதிகம்?

தாமிரம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால், நிறத்தைப் பார்த்து தாமிரம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஓட்டைக் காலணாவும், 1957-ல் தசம முறை வந்தபோது வெளியான ஒரு நயா பைசாவும் வெண்கலம். அதாவது பெரும்பகுதி தாமிரம். தாமரை பொறித்த 20 பைசா தாமிரமும் துத்தநாகமும் கலந்த பித்தளை வகை. இவை பச்சையாகும் என்று யாரும் எளிதில் ஊகித்துவிடுவார்கள்.

ஏமாற்றுவது வெள்ளை நிறக் காசுகள்தான். 1990-களில் புழங்கிய தடிமனான 5 ரூபாய், அந்தக் கால 2 ரூபாய் ஆகியவை குப்ரோநிக்கல். பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தாலும் அதில் 75% தாமிரம், 25% நிக்கல். வெள்ளி ரூபாயிலும் தாமிரம் உண்டு. பிரிட்டிஷ் கால ஒரு ரூபாயில் நீண்ட காலம் சுமார் 91.7% வெள்ளி இருந்தது. 1940 முதல் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. அதாவது, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ‘வெள்ளி’ ரூபாயில் 50% மட்டுமே வெள்ளி. மீதியில் பெரும்பங்கு தாமிரம். ஆகவே 1918-ம் ஆண்டு ரூபாயைவிட 1944-ம் ஆண்டு ரூபாய் பிவிசி பையில் எளிதில் பாதிக்கப்படும்.

சதுர 1 பைசா, அறுகோண 3 பைசா போன்ற அலுமினியக் காசுகளில் பச்சை வராது. ஆனால், குளோரைடு அலுமினியத்தையும் விடாது. வெள்ளைப் பொடி பூத்து, மேல்பரப்பு சொரசொரப்பாகிவிடும். 1988 முதல் வந்த எவர்சில்வர் காசுகள் ஓரளவு தாங்கும். இரட்டை உலோக 10 ரூபாயின் வெளிவளையம் தாமிரக் கலவை என்பதால் அதையும் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் எந்த பிளாஸ்டிக் நல்லது?

நான்கைந்து பெயர்களை நினைவில் வைத்தால் போதும்.

பாலிப்ரொப்பிலீன்: ஆல்பம் பக்கங்களுக்கு நல்ல தேர்வு. குளோரினும் இல்லை, மென்மையாக்கியும் தேவையில்லை. வளையும், விலையும் கட்டுப்படியாகும்.

பாலிஎத்திலீன்: இதுவும் பாதுகாப்பானது. கொஞ்சம் மங்கலாகத் தெரியும் என்பதால் சிலருக்குப் பிடிக்காது.

பாலியெஸ்டர்: ‘மைலர்’ என்ற வணிகப் பெயரில் பிரபலம். குடிநீர் பாட்டில் செய்யும் ‘பெட்’ பிளாஸ்டிக்கின் குடும்பம்தான். கண்ணாடி போலத் தெளிவாக, விறைப்பாக இருக்கும். இதன் விறைப்பான பைக்குள் காசைத் தேய்த்துச் செருகினால் மெல்லிய கீறல் விழலாம். பையை விரித்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்க வேண்டும்.

அக்ரிலிக், பாலிஸ்டைரீன்: இவை கெட்டி பிளாஸ்டிக்குகள். காசை வைத்து மூடும் வட்ட வடிவ ‘காப்ஸ்யூல்’கள் பெரும்பாலும் இவற்றில்தான் செய்யப்படுகின்றன.

தவிர்க்க வேண்டியது பிவிசி. ‘வினைல்’ என்று போட்டிருந்தாலும் அதே ஆள்தான், பெயர்தான் வேறு. வெளி அட்டை மட்டும் வினைல் உறை போட்டதாக இருந்து, உள்ளே பக்கங்கள் பாலிப்ரொப்பிலீனாக இருக்கும் ஆல்பங்களும் உண்டு. வாய்ப்பு இருந்தால் அதையும் தவிர்ப்பது நல்லது. காரணம், வாயுவாக வரும் அமிலத்துக்குக் காசைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை; மூடிய பெட்டிக்குள் பக்கத்தில் இருந்தாலே போதும்.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வகம் எதுவும் தேவையில்லை. கண், மூக்கு, கை, ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

முதலில் எழுத்து. பெட்டியிலோ ஆன்லைன் விவரத்திலோ ‘பிவிசி இல்லாதது’ என்று தெளிவாக இருக்கிறதா, பிளாஸ்டிக்கின் பெயர் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆர்க்கைவல் தரம்’, ‘பிரீமியம் தரம்’ என்ற சொற்களை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பொருளின் பெயரைச் சொல்லாமல் தரத்தை மட்டும் சொல்கிறார்கள் என்றால் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். ‘இது எந்த மெட்டீரியல்?’ என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் அடுத்த கடையைப் பார்க்கலாம். மறுசுழற்சி முக்கோணக் குறி இருந்தால் இன்னும் எளிது. 1 என்றால் பெட், 3 என்றால் பிவிசி, 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், 6 என்றால் பாலிஸ்டைரீன். ‘3’ இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

அடுத்து மூக்கு. பையைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனை வந்தால் சந்தேகப்படலாம். நல்ல பாலிப்ரொப்பிலீன் பக்கத்தில் வாசனை ஏறக்குறைய இருக்காது.

மூன்றாவது கை. பிவிசி பக்கம் துவண்டு தொங்கும், தொட்டால் ஒருவித வழவழப்பு தெரியும், இரண்டு பக்கங்களைச் சேர்த்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். மைலர், பாலிப்ரொப்பிலீன் பக்கங்களை அசைத்தால் பொரித்த அப்பளத்தை நொறுக்குவது போல மொறுமொறுவென்று சத்தம் வரும்.

நான்காவது தண்ணீர். வாங்கி வந்த பக்கத்தின் ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, அந்தத் துண்டை விரலால் அடிவரை அமுக்கிக் காற்றுக் குமிழி இல்லாமல் விடுங்கள். பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் தண்ணீரைவிட லேசானவை. மேலே மிதந்து வந்துவிடும். பிவிசி மூழ்கும். மைலரும் மூழ்கும் என்பதால் ஒரு சின்னக் குழப்பம் வரலாம். மூழ்கியது விறைப்பாக, மொறுமொறுவென்று இருந்தால் மைலராக இருக்கலாம். துவண்டு, வாசனையோடு இருந்தால் அது பிவிசி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செம்புக் கம்பியைச் சூடாக்கி பிளாஸ்டிக்கில் தொட்டு, தீயில் காட்டினால் பச்சைச் சுடர் வருகிறதா என்று பார்க்கும் சோதனையும் இருக்கிறது. குளோரின் இருந்தால் சுடர் பச்சையாகும். ஆனால் எரியும் பிவிசியின் புகை நச்சு. வீட்டில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். மேலே சொன்ன நான்கும் போதும்.

அருங்காட்சியகங்கள் எப்படிச் சோதிக்கின்றன?

இந்தப் பிரச்சினை வீட்டுச் சேகரிப்பாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. காட்சிப் பெட்டிக்குள் ஒட்டும் துணி, பசை, பெயின்ட் எல்லாமே உலோகத்தைக் கெடுக்கலாம் என்பதால், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ ஆடி 1973-ல் ஒரு சோதனையை வகுத்தார். அவர் பெயராலேயே அது ‘ஆடி சோதனை’ என்று இன்றும் அழைக்கப்படுகிறது.

முறை எளிது. சோதிக்க வேண்டிய பொருளின் ஒரு துண்டு, கொஞ்சம் தண்ணீர், அதோடு வெள்ளி, தாமிரம், ஈயம் ஆகிய மூன்று உலோகத் தகடுகள். எல்லாவற்றையும் கண்ணாடிக் குடுவையில் காற்றுப் புகாமல் மூடி 60 டிகிரி செல்சியஸில் 28 நாட்கள் வைப்பார்கள். வெள்ளி கறுத்தால் கந்தகம், ஈயம் வெளுத்துப் பொரிந்தால் அங்கக அமிலம், தாமிரம் நிறம் மாறினால் குளோரைடு போன்றவை இருப்பதாகச் சந்தேகிக்கலாம். வருடக்கணக்கில் நடக்கும் சேதத்தை ஒரே மாதத்தில் காட்டிவிடும் வித்தை இது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. பிளாஸ்டிக் மட்டுமல்ல, காசைச் சுற்றி இருக்கும் எல்லாமே முக்கியம். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது. அதைச் சுற்றி வைத்த வெள்ளிக் காசில் கறுப்புக் கோடு விழும். மலிவான அட்டை, செய்தித்தாள், கம்பளித் துணி ஆகியவையும் வெள்ளியைக் கறுக்க வைக்கும். புது மரப்பெட்டி, பிளைவுட் அலமாரி ஆகியவற்றில் இருந்து அமில ஆவி வரும். பூஜை அறையில் மஞ்சள் குங்குமத்தோடு இருக்கும் வெள்ளி ரூபாய்க்கும் இது பொருந்தும். அது வழிபாட்டுக்கு என்றால் அங்கேயே இருக்கட்டும். சேகரிப்புக்கு என்றால் தனியாக எடுத்து வைப்பது நல்லது.

எந்த வகை ஆல்பம் யாருக்கு?

பிளாஸ்டிக் சரி என்று உறுதியான பிறகுதான் வடிவத்துக்கு வர வேண்டும்.

கையடக்க ஆல்பம்: தைத்த சின்னப் பைகளுக்குள் காசை நேரடியாகப் போடும் வகை. தொடங்குபவர்கள் அதிகம் வாங்குவது இதைத்தான். வசதியானது, ஆனால் இந்த வகையில்தான் பிவிசி அதிகம். பை பெரிதாக இருந்தால் காசு உள்ளே ஆடி ஆடித் தேயும். பாலிப்ரொப்பிலீனில் கிடைத்தால், புழக்கத்தில் இருந்து எடுத்த எவர்சில்வர் காசுகளுக்கு இது போதும்.

அட்டை ஹோல்டரும் வளையக் கோப்பும்: 2 அங்குலச் சதுர அட்டையில் வட்டமாக மைலர் ஜன்னல் இருக்கும். காசை நடுவில் வைத்து மடித்து மூட வேண்டும். அந்த அட்டைகளை 20 பைகள் கொண்ட ஏ4 பக்கங்களில் செருகி, வளையக் கோப்பில் மாட்டலாம். காசின் மேல் கைபடாது, அட்டையிலேயே ஆண்டு, அச்சகக் குறி, வாங்கிய விலை எல்லாம் எழுதிக்கொள்ளலாம், வரிசையை மாற்றலாம். செலவுக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் நிற்கும் சரியான தேர்வு இது. எழுதுவதைக் காசை வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஸ்டேப்ளர் அடிக்கும் வகை என்றால், பின்னின் வளைந்த முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பையைக் கிழித்து அடுத்த காசைக் கீறும். காசை வெளியே எடுக்கும்போதும் பின்னை முதலில் கழற்றாமல் அட்டையைப் பிளக்கக் கூடாது.

காப்ஸ்யூல்: கெட்டியான மூடி போட்ட வட்டப் பெட்டி. வெள்ளி நாணயம், புழக்கத்துக்கு வராத புது நாணயம், நினைவு நாணயம் ஆகியவற்றுக்கு நல்லது. காப்ஸ்யூல்களை அடுக்கும் தட்டுகளும் பக்கங்களும் தனியாகக் கிடைக்கின்றன. எல்லாக் காசுக்கும் வாங்கினால் பர்ஸ் தாங்காது.

இன்னொன்று, கண்காட்சிகளிலும் கடைகளிலும் காசு வாங்கும்போது மென்மையான சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவார்கள். துவளும் உறை காசைக் கீறாது என்பதால் விற்பவர்களுக்கு அது வசதி. வீட்டுக்குக் கொண்டுவர மட்டுமே அது. வந்த அன்றே மாற்றிவிடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று டிராயரில் போட்டது பல வருடம் அங்கேயே கிடப்பதுதான் வழக்கம்.

அளவும் எடையும்

ஹோல்டர் ஜன்னல்கள் 17.5 மி.மீ. முதல் 39.5 மி.மீ. வரை பல அளவுகளில் வருகின்றன. ஒரே அளவில் நூறு வாங்கிவிட்டு முழிக்காமல், முதலில் ஸ்கேலால் காசுகளை அளந்து பட்டியல் போடுங்கள். 16 மி.மீ. உள்ள ஒரு நயா பைசாவுக்கு 17.5 சரி. 27 மி.மீ. உள்ள 10 ரூபாய்க்கு 27.5 இறுக்கமாக இருக்கும், 30 எடுப்பது நிம்மதி. பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாய் 30 மி.மீ.க்குச் சற்று மேல் என்பதால் 32.5 வேண்டும். சதுர, அறுகோணக் காசுகளுக்குப் பக்கத்தை அளக்காமல், ஒரு மூலையில் இருந்து எதிர் மூலை வரை அளக்க வேண்டும். தடிமனான பழைய 5 ரூபாயை மெல்லிய மைலர் ஜன்னலில் திணித்தால் கிழிந்துவிடும். அதற்குக் காப்ஸ்யூல் பொருத்தம்.

எடையைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு வெள்ளி ரூபாய் 11.66 கிராம். ஒரு பக்கத்தில் 20 என்றால் காசு மட்டுமே 233 கிராம். பத்துப் பக்கம் சேர்ந்தால் 2.3 கிலோவைத் தாண்டும். சாதாரண ஆபீஸ் கோப்பின் வளையங்கள் இந்தக் கனத்தில் வாய் பிளந்துவிடும், பக்கங்களின் துளையும் கிழியும். கனமான காசுகளைப் பல கோப்புகளில் பிரித்து வையுங்கள். வளையம் நல்ல உலோகத்தில், ஒருபுறம் நேராக இருக்கும் ‘டி’ வடிவத்தில் இருந்தால் பக்கங்கள் மடங்காமல் நிற்கும்.

நம்ம ஊர் வெக்கையும் ஈரமும்

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்தால் சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் சரிப்பட்டு வராது. இங்கே காற்றில் ஈரமும் அதிகம், உப்பும் அதிகம். உப்பில் இருப்பதும் குளோரைடுதான். பிவிசி இல்லாத ஆல்பத்தில் இருந்தால்கூட, ஈரம் புகுந்தால் தாமிரக் காசு களிம்பேறும்.

செலவில்லாத தீர்வு சமையலறையில் இருக்கிறது. பருப்பு, ரவை போட்டு வைக்கும் காற்றுப் புகாத டப்பாக்கள் பல பாலிப்ரொப்பிலீனில்தான் செய்யப்படுகின்றன. அடியில் ‘5’ இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்பம் படுக்கும் அளவில் புதிதாக ஒன்று வாங்கி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மூடுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். ஆரஞ்சு பச்சையானால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள். சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வைத்து, 50%க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பிவிசி ஆல்பத்தை இப்படி மூடி வைக்கவே கூடாது. வெளியேற வழியில்லாமல் அமில ஆவி உள்ளேயே தங்கி, சேதத்தை வேகப்படுத்தும்.

இடமும் முக்கியம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் கோடையில் அனலாய்க் கொதிக்கும். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் ஈரம் ஊறும். வீட்டின் உள்சுவரை ஒட்டி, தரையில் இருந்து உயரமாக இருக்கும் ஸ்டீல் பீரோ நல்லது. துணிக்குப் போடும் அந்துருண்டையைக் காசு இருக்கும் தட்டில் போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக வைக்கும்.

ஏற்கெனவே பச்சை படிந்துவிட்டதா?

முதல் விதி: புளி, எலுமிச்சை, பற்பசை, விபூதி எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கு ஏற்ற வைத்தியம் காசுக்கு எமன். பளபளப்பு வரும், ஆனால் காசின் மேல்தோல் போய்விடும். தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் பார்த்த நொடியில் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள்.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈரப் பிசுக்காக, வழிந்தது போல இருந்தால் அது பிவிசி படிமமாக இருக்கலாம். பழங்காலச் செப்புக் காசுகளில் கரும்பச்சையாகக் கெட்டியாகப் படிந்திருப்பது பல நூற்றாண்டுகளில் இயற்கையாக உண்டான மேல்பூச்சு. அது அந்தக் காசின் அழகும் பாதுகாப்பும். அதைத் தொடவே கூடாது. வெளிர்பச்சைப் பொடியாக, தட்டினால் உதிர்ந்து, மீண்டும் மீண்டும் பூத்தால் அது ‘வெண்கல நோய்’. அந்தக் காசை உடனே மற்றவற்றில் இருந்து பிரித்து உலர்வாக வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

பிவிசி பிசுக்கை எடுக்க அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் பயன்படுத்துவது தூய அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனைத் திரவியமும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவுக்கு ஊற்றிச் சில நிமிடங்கள் ஊறவிட்டு, வேறு கிண்ணத்தில் புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, தேய்க்காமல் துடைக்காமல் அப்படியே காய விட வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது; ஜன்னல் திறந்திருக்க வேண்டும்; குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. வண்ணம் பூசிய நினைவு நாணயத்தை இதில் போட்டால் வண்ணம் கரைந்துவிடும். விலை மதிப்புள்ள காசு என்றால் சோதனை முயற்சி வேண்டாம், முதலில் நிபுணரிடம் கேளுங்கள்.

சுத்தம் செய்த காசைப் பழைய ஆல்பத்திலேயே திரும்பப் போட்டால் எல்லாம் வீண். அந்த ஆல்பத்தைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். தாத்தா தன் கையெழுத்தில் எழுதி வைத்த சீட்டுகள் இருந்தால் அவற்றை மட்டும் எடுத்துத் தனி உறையில் வையுங்கள். எந்தக் காசு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பிரிக்கும் முன்பே போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

பட்ஜெட் கொஞ்சம்தான், எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முடியாது என்றால் வரிசைப்படுத்துங்கள்.

- பிசுக்கோ பச்சையோ தெரியும் காசுகளை இன்றே வெளியே எடுங்கள். புது ஹோல்டர் வரும்வரை தனித்தனியாகச் சுத்தமான பாலிஎத்திலீன் ஜிப் உறையில் இருக்கட்டும்.
- முதல் செலவு வெள்ளி, வெண்கலம், பித்தளை, குப்ரோநிக்கல் காசுகளுக்கு. மைலர் ஹோல்டரும் பாலிப்ரொப்பிலீன் பக்கமும் வாங்குங்கள்.
- அடுத்தது அலுமினியக் காசுகள்.
- எவர்சில்வர் காசுகள் கடைசி. ஆனாலும் அவையும் பிவிசியை விட்டு ஒருநாள் வெளியே வர வேண்டும்.
- ஒரே காசு பத்து இருந்தால், நல்ல நிலையில் இருக்கும் ஒன்றிரண்டை மட்டும் ஆல்பத்தில் வையுங்கள்.

காசைக் கையாளும்போது கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு, விளிம்பை மட்டும் பிடியுங்கள். கீழே ஒரு மெத்தென்ற துணி விரித்திருக்கட்டும். வியர்வை பட்ட கைரேகை சில மாதங்களில் காசின் முகத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

புது ஆல்பம் வாங்கிய பிறகும் வேலை முடியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து, ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடை முடிந்ததும் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பக்கம் ஒட்டுகிறதா, வாசனை வருகிறதா, காசில் புதிதாக ஏதாவது தெரிகிறதா என்று கவனித்தால் சேதத்தை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

வீட்டில் பழைய ஆல்பம் ஒன்று இருந்தால், புதிதாக ஆர்டர் போடுவதற்கு முன் அதைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் நெடி அடித்தால், அதற்குள் இருக்கும் வெள்ளி ரூபாயை இன்று இரவே வெளியே எடுத்துவிடலாம். படலமாக இருக்கும்வரை அதைக் காப்பாற்ற முடியும்.